வேடந்தாங்கல் காலை நடை: ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு போய் 25 நிமிஷத்துல முடிஞ்சு போச்சு, எங்க தப்பு பண்ணோம்?

பாதித்தூக்கம் | ஞாயிறு, மதியம் 1:40

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா சும்மா வாசிச்சிட்டு போறவன், இன்னிக்கு தான் முதல் தடவை எழுதறேன், அதுவும் புலம்பல். காலைல நான், வீட்டம்மா, ஏழாவது படிக்கிற பொண்ணு மூணு பேரும் வேடந்தாங்கல் போனோம். விடியறதுக்குள்ள போனா தான் பறவை பாக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு நாலு மணிக்கு அலாரம் வச்சேன், வச்சதோட சரி. தாம்பரம் தாண்டும்போதே நல்லா வெளுத்துருச்சு, உள்ள கால் வைக்கும்போது மணி எட்டேகால்.

கரை மேல நடந்தோம். தண்ணிக்கு நடுவுல மரம் மரமா வெள்ளையா என்னமோ உக்காந்திருக்கு, போன்ல ஜூம் பண்ணா கோலமாவு கொட்டின மாதிரி தான் தெரியுது. பொண்ணு மொத அஞ்சு நிமிஷம் "அப்பா அங்க பாருங்க, அங்க பாருங்க"ன்னா, அப்புறம் "இவ்ளோ தானாப்பா"ன்னு கேட்டா, எனக்கு பதில் தெரியல. பறவை பாக்கற கோபுரத்துல ஏறினா நிக்க இடமில்ல, ஒரு குரூப் ஸ்பீக்கர்ல பாட்டு வேற போட்டுட்டு இருந்தாங்க. இறங்கி வந்து மணி பாத்தா மொத்தமே 25 நிமிஷம். திரும்பி வரும்போது கார்ல யாரும் பேசல.

நிஜமாவே அவ்ளோ தானா, இல்ல பாக்க தெரியாம வந்துட்டோமா? சீசன் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை கூட்டிட்டு போகணும்னு இருக்கேன். திட்டறவங்க அலாரம் விஷயத்துக்கு மட்டும் திட்டுங்க.


ஆள்காட்டி | ஞாயிறு, மதியம் 2:25

அலாரத்துக்கு தான் திட்டு. எட்டேகாலுக்கு போனா இடைவேளைக்கு அப்புறம் தியேட்டர்ல நுழைஞ்ச கதை தான். அங்க ஆறுலேர்ந்து ஏழேகால் வரைக்கும் நடக்கறது வேற. ராத்திரி பூரா வயல்லயும் ஓடையிலயும் மேஞ்ச வக்கா (ராக்கொக்குன்னும் சொல்வாங்க) அந்த நேரத்துல தான் திரும்பி வந்து மரத்துல அடையும், அதே நேரம் ராத்திரி மரத்துல தூங்கின நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் கிளம்பி வெளிய போகும். மில்லுல ஷிஃப்ட் மாறற மாதிரி இருக்கும், உள்ள வரவனும் வெளிய போறவனும் ஒரே கேட்டுல இடிச்சுக்கிட்டு. நீர்க்காகம் தலைக்கு மேல வரிசையா போகும்போது றெக்கை சத்தம் காதுல விழும், அதுக்காகவே நான் வருஷா வருஷம் போறேன்.

அடுத்தது, கரை மேல இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நடந்து முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல சார். கரைக்கு பக்கமா இருக்கற ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கோங்க, அதுல ஒரே ஒரு கூடு. அரை மணி நேரம் அதை மட்டும் பாருங்க. மொத பத்து நிமிஷம் போரடிக்கும், சத்தியமா போரடிக்கும், போன் எடுக்க கை பரபரக்கும். அதுக்கப்புறம் தான் எது அம்மா எது அப்பா, எவன் பக்கத்து கூட்டுலேர்ந்து குச்சி திருடறான்னு தெரிய ஆரம்பிக்கும். குச்சி திருட்டு அங்க பெரிய தொழில்.

பைனாகுலர் இல்லாம போகாதீங்க. வாங்க வேணாம், யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க. 8×42 போட்டிருக்கறது போதும். எட்டுங்கறது எத்தனை மடங்கு பக்கத்துல தெரியும்ங்கறது, நாப்பத்திரெண்டு முன்பக்க கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. அந்த கண்ணாடி அகலமா இருந்தா தான் விடியக்கால மங்கல்ல வெளிச்சம் உள்ள வரும். பன்னெண்டு, இருபதுன்னு போட்டிருக்கறதை பாத்து ஆசைப்படாதீங்க, கை நடுக்கமும் இருபது மடங்கு ஆகும், பொண்ணு கையில குடுத்தா தலை சுத்தி போயிரும்.


லென்ஸ்மணி | ஞாயிறு, மாலை 4:02

ஞாயித்துக்கிழமை போனதே தப்பு. நான் பத்து வருஷமா ஞாயிறு அந்த பக்கம் தலை வச்சு படுக்கறதில்ல. செவ்வாய் புதன் போங்க.

ஆனா உண்மைய சொல்லணும்னா வேடந்தாங்கல் கொஞ்சம் ஓவரா பேசப்படற இடம். பக்கத்துலயே கரிக்கிலி ஏரி இருக்கு, ஈ காக்கா இருக்காது. ஆழம் கம்மி, திறந்த தண்ணி, வாத்து வகை எல்லாம் அங்க தான் நல்லா கிடைக்கும், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து எல்லாம். ஃபோட்டோ எடுக்கறவன் எவனும் ரெண்டு இடமும் போகாம திரும்ப மாட்டான். வேடந்தாங்கல்ல 600 எம்எம் லென்ஸ் இல்லாம போய் நின்னா கோலமாவு தான், கரெக்டா சொன்னீங்க.


ஆள்காட்டி | ஞாயிறு, மாலை 4:20

கரிக்கிலி நல்ல இடம், ஒத்துக்கறேன். ஆனா மொத தடவை போற குழந்தைய அங்க கூட்டிட்டு போனா தூரத்துல மிதக்கற பழுப்பு புள்ளி தான் தெரியும். கூடும் குஞ்சும் பாக்கணும்னா வேடந்தாங்கல் தான். 600 எம்எம் எல்லாருக்கும் எதுக்கு மணி? அவரு படம் எடுக்க போகல, பாக்க போறாரு.


கரைவீட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8:50

நான் அந்த பக்கத்து ஊர்க்காரன். எங்க நிலம் ஏரிப் பாசனம் தான். படிச்சிட்டு பேசாம போயிரலாம்னு பாத்தேன், மனசு கேக்கல.

எல்லாரும் ஏரிய பாத்துட்டு அங்கயே பறவை இருக்குன்னு நெனச்சிட்டு போறீங்க. ஏரி அதுங்களுக்கு வீடு, சாப்பாடு பூரா வெளிய. அவ்ளோ ஆயிரம் பறவைக்கு அந்த சின்ன ஏரி மீனு ஒரு வாரம் தாங்குமா? நத்தைகுத்தி நாரை எங்க நெல்லு வயல்ல தான் நிக்கும், சேத்துல நத்தை பொறுக்கும். மஞ்சமூக்கு நாரையும் கூழைக்கடாவும் சுத்துப்பட்டு ஏரி எல்லாம் போயிட்டு வரும். அதனால பாதித்தூக்கம் சார் நீங்க அடுத்த தடவை வரும்போது மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள திரும்பினதுமே வண்டிய மெதுவா ஓட்டுங்க. அந்த வயக்காட்டுலயே பாதி பறவை பாத்துரலாம், கூட்டமும் கிடையாது. வண்டிய விட்டு இறங்காதீங்க, கண்ணாடிய மட்டும் இறக்குங்க. கார பாத்து பயப்படாது, மனுசன பாத்தா தான் எழும்பும்.

இன்னொண்ணு. மரத்துக்கு கீழ தண்ணி பூரா எச்சம். அந்த தண்ணி தான் எங்க வயலுக்கு வருது. அதுல தழைச்சத்து மணிச்சத்து எல்லாம் கரைஞ்சே வருது, எங்க அப்பா யூரியா மூட்டைய தூக்கினது எனக்கு நெனப்பே இல்ல. அதுக்காக தான் எங்க ஆளுங்க காலம் காலமா ஒரு குஞ்சு கீழ விழுந்தா கூட தொட விட மாட்டாங்க. பறவை மேல பாசம்னு பேப்பர்ல எழுதறாங்க, பாசமும் தான், வெள்ளாமையும் தான்.


சைக்கிள்பெல் | ஞாயிறு, இரவு 9:15

சூப்பர் அண்ணா. எனக்கு ஒரு டவுட். ஆஸ்திரேலியாலேர்ந்து சைபீரியாலேர்ந்து அவ்ளோ தூரம் பறந்து வந்து இங்க முட்டை போட்டு குஞ்சு பொரிச்சு திரும்பி போகுதுன்னு ஸ்கூல்ல படிச்சோம், டிவிலயும் வருஷா வருஷம் "வெளிநாட்டு பறவைகள் வருகை"ன்னு போடறாங்க. அந்த குட்டி குஞ்சு எப்படி திரும்ப அவ்ளோ தூரம் பறக்கும்?


ஆள்காட்டி | ஞாயிறு, இரவு 9:48

தம்பி இதை நான் எத்தனை இழையில எழுதினேன்னு எனக்கே தெரியல, மறுபடியும் எழுதறேன்.

வேடந்தாங்கல்ல கூடு கட்டற எதுவும் வெளிநாடு இல்ல. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் நம்ம ஊரு ஆளுங்க. மழைய பாத்து, தண்ணிய பாத்து ஒரு ஏரிலேர்ந்து இன்னொரு ஏரி, ஒரு மாவட்டம் விட்டு இன்னொரு மாவட்டம், சமயத்துல பக்கத்து மாநிலம்னு இடம் மாத்தும். வடகிழக்கு மழை பெஞ்சு ஏரி நிறைஞ்சா வரும், ஏரி காலியா இருந்தா வேற ஏரி பாத்துக்கும்.

நிஜமாவே வடக்கேலேர்ந்து இமயமலை தாண்டி வரது வாத்து, உள்ளான் வகை. அதுங்க இங்க குளிருக்கு தப்பிச்சு வந்து சாப்பிட்டு தூங்கிட்டு போகும், முட்டை அங்க ஊர்ல போய் தான். குளிருக்கு வடக்கேலேர்ந்து வலசை வரதுங்க இங்க குஞ்சு பொரிக்கறதில்ல. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும், கூட்டுல குஞ்சை பாத்தீங்கன்னா அது உள்ளூர்க்காரன்.

டிவிக்காரங்களுக்கு "உள்ளூர் பறவைகள் வருகை"ன்னு போட்டா கிக் இல்ல, அதான்.


சைக்கிள்பெல் | ஞாயிறு, இரவு 9:55

அப்போ கூழைக்கடா ஆஸ்திரேலியா இல்லயா?? எங்க சார் அதை வச்சு அஞ்சு மார்க் கேள்வி கேட்டாரு


ஆள்காட்டி | ஞாயிறு, இரவு 9:57

ஆஸ்திரேலியாவுல இருக்கறது வேற கூழைக்கடா. அது அங்கயே இருக்கு. மார்க்க திருப்பி குடுத்துராத.


நாலாங்கிளாஸ்டீச்சர் | திங்கள், காலை 6:30

கரைவீட்டுக்காரன் அண்ணா சொன்ன வெள்ளாமை விஷயத்தோட சேர்த்து ஒண்ணு சொல்றேன். நான் வருஷா வருஷம் பிள்ளைங்கள கூட்டிட்டு போறவ, போறதுக்கு முன்னாடி நாள் வகுப்புல இந்த கதைய சொல்லிட்டு தான் போவேன்.

18ஆம் நூற்றாண்டு கடைசில வெள்ளைக்கார சிப்பாய்ங்க அங்க வந்து பொழுதுபோக்கா பறவைய சுட்டிருக்காங்க. ஊர்க்காரங்க நேரா செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. அப்போ கலெக்டர் லயோனல் ப்ளேஸ். 1798-ல அவர் ஊருக்கு ஒரு கவுல் (உரிமைப் பத்திரம்) எழுதி குடுத்தார், இந்த ஏரி பறவைய யாரும் சுடக்கூடாது, காப்பாத்தற உரிமை ஊருக்குன்னு. 1858-ல மறுபடி அதை புதுப்பிச்சு வாங்கினாங்க. அரசாங்கம் சரணாலயம்னு அங்கீகரிச்சது 1936-ல. அதாவது சரணாலயம்ங்கற பேரு வரதுக்கு 138 வருஷம் முன்னாடியே ஊர் கையில காகிதம் இருந்துச்சு. ஊர் பேர்லயே வேடர் இருக்காங்கன்னு சொன்னா பிள்ளைங்க சிரிப்பாங்க. தாங்கல்னா சின்ன ஏரி, பெரிய ஏரில மிஞ்சற தண்ணிய தாங்கிக்கறது.

அண்ணா சொன்ன வயக்காடு விஷயம் தான் 1998-ல ஏரிய சுத்தி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலயம்னு அறிவிச்சதுக்கும் காரணம். ஏரி மட்டும்னா 30 ஹெக்டேர் தான். 2020-ல அந்த 5-ஐ 3 ஆக்கலாம்னு ஒரு யோசனை வந்து எவ்ளோ எதிர்ப்பு கிளம்புச்சுன்னு ஞாபகம் இருக்கும். 2022-ல ராம்சர்ங்கற உலக சதுப்புநிலப் பட்டியல்லயும் சேர்ந்துருச்சு, கரிக்கிலியும் அதே வருஷம் தான்.

பாதித்தூக்கம் சார், பொண்ணு கையில ஒரு நோட்டு குடுங்க. பேர் எழுத சொல்லாதீங்க. பேர் எழுத சொன்னா குழந்தைங்க போன்ல ஆப்ப பாத்து எழுதும். "மூக்கு எப்படி இருக்கு, காலு என்ன கலர், என்ன பண்ணிட்டு இருந்துச்சு" இது மூணும் மட்டும். வரைஞ்சா இன்னும் நல்லது, கோணலா இருந்தா பரவாயில்ல.


பாதித்தூக்கம் | திங்கள், காலை 10:12

ஆபீஸ்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன், மேனேஜர் பின்னாடி வந்து நின்னது தெரியல. நன்றி எல்லாருக்கும். நோட்டு ஐடியா வீட்டம்மாவுக்கு ரொம்ப புடிச்சிருக்கு. மெர்லின் ஆப் டவுன்லோட் பண்ணிட்டேன், சத்தத்தை கேட்டு பேர் சொல்லுமாமே, அது போதுமா?


தவிட்டுக்குருவி | திங்கள், காலை 11:30

மெர்லின் நல்லது தான், ஆனா அது சொல்றதையெல்லாம் அப்படியே லிஸ்ட்ல போட்டுராதீங்க. போன மாசம் எங்க தெருவுல அது வல்லூறுன்னு காட்டுச்சு, நிமிர்ந்து பாத்தா கரண்ட் கம்பில கரிச்சான் உக்காந்துட்டு வல்லூறு மாதிரி கத்தி மைனாவ விரட்டிட்டு இருக்கு. ஆப்பு ஏமாந்துச்சு, மைனாவும் ஏமாந்துச்சு. அதனால ஆப் சொன்னா "ஓ அப்படியா, எங்க இருக்கு"ன்னு தேடுங்க, கண்ணால பாத்தா தான் கணக்கு.

இன்னொரு விஷயம், எல்லாரும் தண்ணிப் பறவையவே பேசறீங்க, கரை மேல இருக்கற மரத்துக்கு யாராவது வக்காலத்து வாங்குங்கப்பா. செம்போத்து, மாம்பழச்சிட்டு, தேன்சிட்டு, மரப்பொந்துல முழிச்சு பாக்கற புள்ளி ஆந்தை, டொக் டொக்னு பாத்திரம் தட்டற மாதிரி நாள் பூரா கத்தற குக்குறுவான், இதெல்லாம் பத்தடி தூரத்துல. எல்லாரும் ஏரி பக்கமே முகத்தை வச்சுட்டு போறாங்க, முதுகுக்கு பின்னாடி ஒரு சரணாலயம் இருக்கு.


லென்ஸ்மணி | திங்கள், மதியம் 12:45

ஒரு டிப்ஸ். கானாங்கோழி, குக்குறுவான் மாதிரி ஒளிஞ்சு இருக்கறது வெளிய வரணும்னா போன்ல அதோட சத்தத்தை போட்டு விடுங்க. ரெண்டு நிமிஷத்துல வந்து நிக்கும், குழந்தைக்கு பக்கத்துல காட்டலாம்.


ஆள்காட்டி | திங்கள், மதியம் 12:51

மணி, தயவு செஞ்சு இதை இங்க எழுதாதீங்க. அது ஆசையா வந்து நிக்கல, வேற எவனோ தன் இடத்துக்குள்ள பூந்துட்டான்னு சண்டைக்கு வருது. கூட்ட விட்டுட்டு, குஞ்சை விட்டுட்டு வருது. அந்த ரெண்டு நிமிஷத்துல காக்கா ஒண்ணு போதும் முட்டைய தூக்க.


லென்ஸ்மணி | திங்கள், மதியம் 1:03

நான் ஒருத்தன் ஒரு தடவை போட்டா உலகம் அழிஞ்சிருமா? பெரிய பெரிய ஆளுங்களே போடறாங்க.


தவிட்டுக்குருவி | திங்கள், மதியம் 1:10

நீங்க ஒருத்தர் ஒரு தடவை. அடுத்த ஆள் ஒரு தடவை. ஞாயித்துக்கிழமை எத்தனை பேர்? அந்த பறவைக்கு அன்னிக்கு பூரா பொய் சண்டை.


கரைவீட்டுக்காரன் | திங்கள், மதியம் 1:30

எங்க ஏரிக்கரையில அது நடக்குது. போன வருசம் ஒரு செட்டு வந்து பெட்டி வச்சு போட்டாங்க, கேட்டதுக்கு எங்களுக்கே பாடம் எடுத்தாங்க. நாங்க பண்டிகைக்கு வெடிய யோசிச்சு வெடிக்கறோம், இவங்க ஸ்பீக்கரோட வராங்க.


லென்ஸ்மணி | திங்கள், மதியம் 1:42

சரி சரி எல்லாரும் சேர்ந்து அடிக்காதீங்க. நான் குஞ்சு இருக்கற சீசன்ல போட்டதில்ல. ஆனா எல்லா இடத்துலயும் தப்புன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.


நெறியாளர் | திங்கள், மதியம் 2:00

1972 வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி சரணாலயத்துக்குள்ள காட்டுயிர சீண்டறதே குற்றம், குப்பை போடறதும் அதே பிரிவுல தான் வருது. சத்தம் போட்டு அழைக்கறது பத்தின டிப்ஸ் இந்த தளத்துல வேணாம். விவாதம் பண்ணணும்னா தனி இழை ஆரம்பிங்க. இங்க அவரோட நடைய பத்தி பேசுவோம்.


(பதினாறு நாள் கழிச்சு)

பாதித்தூக்கம் | புதன், இரவு 7:35

போயிட்டு வந்துட்டோம்!! நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு லீவு போட்டேன், பொண்ணுக்கு "காய்ச்சல்", டீச்சர் அக்கா இந்த வரிய மட்டும் படிக்காதீங்க. மூணு மணிக்கு எழுந்து (வீட்டம்மா தான் எழுப்பினா, அலாரம் இல்ல) திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னோம். செம பனி. எதிர்ல மரம் கூட தெரியல, சத்தம் மட்டும் வருது. அது என்ன சத்தம்னு எனக்கு சொல்ல தெரியல, ஆயிரம் பேர் ஒரே நேரத்துல வெத்தலை இடிக்கற மாதிரி டக டக டக. பொண்ணு பயந்து என் கைய புடிச்சுக்கிட்டா. அப்புறம் தலைக்கு மேல "க்வாக்"னு ஒண்ணு, கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு, பனிக்குள்ளேர்ந்து குண்டா கழுத்தே இல்லாம ஒவ்வொண்ணா வந்து மரத்துல இறங்குது. ஆள்காட்டி சார் சொன்ன நைட் ஷிஃப்ட்! பொண்ணு எண்ண ஆரம்பிச்சா, 64 வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டா. அதே நேரத்துல நீர்க்காகம் கிளம்பி எங்க தலை மேல போச்சு, அந்த றெக்கை சத்தத்தை நான் எழுத முயற்சி பண்ணல, நீங்க போய் கேட்டுக்கோங்க.

இரவல் பைனாகுலர் குளிர்ல பனி படிஞ்சு மொத இருபது நிமிஷம் ஒண்ணும் தெரியல, சட்டையால தொடைச்சு தொடைச்சு கோடு போட்டுட்டேன், குடுத்தவர் இங்க இல்லைங்கற தைரியத்துல சொல்றேன். அப்புறம் மாமரத்து ஓரமா சாஞ்சு நின்னா கழுத்துக்குள்ள முசுறு. அந்த குதிய பாத்து வீட்டம்மா சிரிச்சதுல பக்கத்துல இருந்த கொக்கெல்லாம் பறந்து போயிருச்சு. தொந்தரவு பண்ணதுக்கு மன்னிச்சுக்கோங்க.

சொன்ன மாதிரியே ஒரு மரம் புடிச்சோம். ஒரு நத்தைகுத்தி கூடு, மூணு குஞ்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னோம், நகரவே இல்ல. வெயில் ஏறினதும் அம்மாவோ அப்பாவோ ரெண்டு றெக்கையும் விரிச்சு குடை மாதிரி நின்னுச்சு, குஞ்சுங்க நிழல்ல. வெயில் பக்கம் மாறும்போது அதுவும் திரும்பி நிக்குது. இன்னொண்ணு வந்து இறங்கினதும் ரெண்டும் மூக்க தட்டி டக டக, அப்போ தான் காலைல கேட்ட சத்தம் எதுன்னு புரிஞ்சுச்சு. வந்தது குனிஞ்சு கூட்டுக்குள்ள என்னமோ கக்கிச்சு, குஞ்சு மூணும் அடிச்சுக்குது. பக்கத்து கூட்டுக்காரன் அந்த சந்தடில ஒரு குச்சிய உருவிட்டு போயிட்டான், குச்சி திருட்ட கண்ணால பாத்தாச்சு.

பொண்ணு நோட்டுல ஒண்ணு எழுதியிருக்கா, அது தான் கேள்வி. "பெரிய பறவை வாய் மூடினாலும் நடுவுல ஓட்டை தெரியுது. குஞ்சு வாய் நல்லா மூடுது. ஏன்?" எனக்கு தெரியல. நாங்க ரெண்டு பேரும் அதை கவனிக்கவே இல்ல, அவ வரைஞ்சதுனால கவனிச்சிருக்கா.


ஆள்காட்டி | புதன், இரவு 7:58

அந்த நோட்ட ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க சார். நான் பைனாகுலர் தூக்கி நாலு வருஷம் கழிச்சு தான் இதை கவனிச்சேன், அதுவும் யாரோ சொல்லி.

பொறக்கும்போது இடைவெளி கிடையாது, வளர வளர தான் வரும். நத்தை ஓடு வழவழன்னு உருண்டையா இருக்கும், நேர் மூக்கா இருந்தா நழுவும், அந்த இடைவெளி இருந்தா இடுக்கி மாதிரி புடிக்க வசதின்னு சொல்றாங்க. அது ஓட்ட உடைக்கறதில்ல. கீழ் மூக்கு நுனிய மூடிக்குள்ள விட்டு சதைய வெட்டி உருவிரும், ஓடு முழுசா கிடக்கும். குஞ்சுக்கு அப்பா அம்மா உரிச்சு கொண்டாந்து கக்கறதால அதுக்கு இப்போ இடுக்கி தேவையில்ல.


கரைவீட்டுக்காரன் | புதன், இரவு 8:10

வயல் வரப்புல முழு ஓடு குவியலா கிடக்கும், சின்ன பசங்க பொறுக்கி விளையாடுவாங்க. பாப்பா அடுத்த தடவை வந்தா எடுத்து வைக்கறேன். காருல மெதுவா வந்தீங்களா?


பாதித்தூக்கம் | புதன், இரவு 8:22

வரும்போது இருட்டு, பனி. திரும்பும்போது மெதுவா வந்தோம் அண்ணா. நடவு வயல்ல டிராக்டர் பின்னாடியே உண்ணிக்கொக்கு வரிசையா ஓடுது, தட்டு எடுத்துட்டு பந்திக்கு ஓடற மாதிரி. தள்ளி ஒரு ஏரில மஞ்சமூக்கு நாரை அஞ்சு, மூக்க பாதி தொறந்து தண்ணிக்குள்ள விட்டு துழாவிட்டே நடக்குது, கண்ணு எங்கயோ பாக்குது.


ஆள்காட்டி | புதன், இரவு 8:26

அது கண்ண நம்பாது. மூக்குல மீன் பட்டா டப்புன்னு மூடும், கலங்கல் தண்ணிலயும் அதனால தான் புடிக்க முடியுது.


நாலாங்கிளாஸ்டீச்சர் | புதன், இரவு 8:40

அந்த வரிய படிச்சிட்டேன். நாளைக்கு காய்ச்சல் சரியாகி பள்ளிக்கூடம் போகட்டும். நோட்டையும் எடுத்துட்டு போகட்டும்.


லென்ஸ்மணி | புதன், இரவு 9:05

ஃபோட்டோ ஏதாச்சும் எடுத்தீங்களா?


பாதித்தூக்கம் | புதன், இரவு 9:11

ஒண்ணு கூட இல்ல மணி சார், போன் கார்லயே கிடந்துச்சு. அதனால தான் இப்போ மாட்டிக்கிட்டேன், ஒண்ணு அடையாளம் தெரியல. கரையோரம் தாழ்ந்த கிளையில, தண்ணிக்கு மேல, அசையாம ஒண்ணு உக்காந்திருந்துச்சு. பழுப்பு கலர், கழுத்த உள்ள இழுத்துட்டு. பொண்ணு மடையான் (குளக்கொக்கு)ங்கறா, வீட்டம்மா ஏதோ பருந்து குஞ்சுங்கறா, எனக்கு ரெண்டும் இல்லன்னு தோணுது.


தவிட்டுக்குருவி | புதன், இரவு 9:15

முதுகுல புள்ளியா, கோடா? பறந்துச்சா? பறக்கும்போது றெக்கை என்ன கலர்?


பாதித்தூக்கம் | புதன், இரவு 9:24

பொண்ண எழுப்பி கேட்டேன் (தூங்கிட்டா, இப்போ வீட்டம்மா என்னை முறைக்கிறா). நோட்டுல இருக்கு: "முதுகுல மழை பெஞ்ச மாதிரி வெள்ளை புள்ளி. கண்ணு ஆரஞ்சு. கொட்டாவி விட்டுச்சு." பறந்துச்சு, றெக்கையும் பழுப்பு தான், வெள்ளை இல்ல.


தவிட்டுக்குருவி | புதன், இரவு 9:27

மடையான் பறந்தா பளிச்சுன்னு வெள்ளை றெக்கை தெரியும், அதனால அது இல்ல. மழைத்துளி புள்ளி, ஆரஞ்சு கண்ணு, காலைல கொட்டாவி: வக்காவோட இளசு. பெருசானா தான் அந்த கருப்பு முதுகும் செவப்பு கண்ணும் வரும். ராத்திரி பூரா அப்பா அம்மா பின்னாடி வயல்ல சுத்திட்டு வந்திருக்கும், பாவம்.


பாதித்தூக்கம் | புதன், இரவு 9:30

அப்போ 65.